காப்பாத்துதுங்க

1

இந்தக் கதை நானாக யோசித்தது இல்லை. ஒருத்தி வந்து எழுதச் சொன்னாள். எழுதச் சொன்னதோடு நின்றாளா, யார் படிக்க வேண்டும் என்பதையும் அவளே முடிவுசெய்துவிட்டாள்.

கம்பத்தில் எங்களுக்குச் சொட்டுநீர்க் குழாய் விற்கிற கடை. கல்லாவில் நான்தான் உட்காருவேன். கூட்டம் இல்லாத நேரத்தில் கதை எழுதுவேன். ஒரு மாத இதழ் பாவம் பார்த்து அதைப் போடுகிறது. ராயப்பன்பட்டி சாராள் கதை எழுதுகிறாள் என்பது இந்தப் பக்கம் பத்துப் பேருக்குத் தெரியும். அந்தப் பத்தில் ஒருவர் சுருளிப்பட்டியில் திராட்சை போட்டிருக்கும் ஈஸ்வரபாண்டி. அவருடைய மனைவி முனீஸ்வரி போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்து குழாய் முனைக்கு மூடி வாங்கினாள். வாங்கிய பிறகும் போகாமல் நின்றாள்.

"அக்கா, உங்க கதைய அவுக ஒண்ணு விடாம படிக்கிறாக. முடிவுதான் வெளங்க மாட்டேங்குதுங்கிறாக."

எனக்குச் சுருக்கென்றது. "படிக்கிறவக யோசிக்கட்டும்னு விட்டுர்றதும்மா."

"அதான் வேணாங்கிறேன். ஒரே ஒரு கதை, வெளங்குற முடிவோட எழுதித் தாங்க. அவுக படிக்கணும். எனக்குச் சொல்ல வாய் வரலை."

அவள் சொல்ல முடியாமல் தவிப்பது என்ன என்று உங்களுக்கு இப்போதே சொல்கிறேன். ஒளித்து வைத்து விளையாடுகிற கதை இல்லை இது. ஈஸ்வரபாண்டிக்குப் பத்து வருடமாகக் காது கேட்காது. மனைவி மதுரையில் செய்கிற ஆராய்ச்சியால் காது திரும்பிவிடும் என்று ஆறு வருடமாகக் காத்திருக்கிறார். ஆனால் அந்தக் காது —

[இந்த வாக்கியத்தை இப்போது முடிக்க மாட்டேன். அவரும் இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார். "பட்டுன்னு போட்டு ஒடைக்காதீக, படிப்படியாக் கூட்டிட்டுப் போங்க" என்பது முனீஸ்வரியின் உத்தரவு. இதற்குள் அவருக்குப் புரிந்திருக்காதா என்கிறீர்களா? முடிக்காத வாக்கியத்தில் ஆசைக்குக் கொஞ்சம் இடம் இருக்கும். அந்த இடத்தில் அவர் இன்னும் நாலு பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும்.]

பெயரை மாற்றிவிடலாமா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "பேரை மாத்துனா, நம்மளத்தான் எழுதியிருக்குன்னு அவுகளுக்கு எப்படிக்கா தெரியும்?"

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மேகமலையிலிருந்து இறங்கிய மேகம் திராட்சைப் பந்தல்கள் மேல் —"

அடித்துவிட்டேன். என் எல்லாக் கதையிலும் முதல் வரியில் மேகம் இறங்கிவிடுகிறது. இறங்கி என்ன செய்யப்போகிறது என்று எனக்கும் தெரியாது, மேகத்துக்கும் தெரியாது.

இரண்டாவது தொடக்கம்: "அமினோகிளைக்கோசைடு வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் உட்செவியின் —"

குழாய் வாங்க வந்த ஒருவர் எட்டிப் படித்துவிட்டு, "என்னக்கா, புது உரமா?" என்றார். அதையும் அடித்தேன்.

நடந்ததைச் சொல்லிவிடுவதே நல்லது. ஈஸ்வரபாண்டிக்குக் கல்யாணமாகிப் பதினொரு மாதத்தில் காசநோய். சாதாரண மாத்திரைக்கு அடங்காத வகை. அந்த நாளில் அதற்கு ஊசிதான் வழி. தினம் ஒன்று, மாதக்கணக்கில். ஊசி கிருமியைக் கொன்றது. போகிற போக்கில் உள்காதுக்குள் இருக்கும் நுண்ணிய செல்களையும் கொன்றது. முதலில் காதுக்குள் ஒரு இரைச்சல், பிறகு பறவைச் சத்தம் நின்றது, பிறகு பஸ் ஹாரன் நின்றது. மூன்றே மாதத்தில் எல்லாம் அடங்கிவிட்டது.

[ஊசியைத் திட்டி ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். "அந்த ஊசி இல்லேன்னா நான் இப்ப போட்டோவுல மாலையோட இருப்பேன்" என்று அவரே சொல்லுவார். இப்போது அந்த நோய்க்குப் பெரும்பாலும் மாத்திரையே வந்துவிட்டது. ஆனால் அதே இனத்து ஊசி வேறு நோய்களுக்கு, பிறந்த குழந்தைகளுக்குக்கூட, இன்னும் போட வேண்டியிருக்கிறது.]

இப்போது விஷயம் அவசரமாகிவிட்டது. போன தை மாதம் மதுரையில் ஒரு டாக்டர் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்: உள்காதில் ஒரு கருவி பொருத்தலாம். பழைய காது மாதிரி இருக்காது, பழகப் பழகப் பேச்சு புரியும். ஆனால் நரம்பு சும்மா கிடக்கக் கிடக்கப் பலன் குறையும், இந்த வருடத்துக்குள் முடிவெடுங்கள். ஈஸ்வரபாண்டி அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"மெசினை உள்ள விட்டா, மிச்சம் மீதி இருக்குறதும் போயிருமாம்ல. அப்பறம் முனீசு மருந்து கண்டுபிடிச்சு என்னத்துக்கு? சொந்தக் காதே வரப்போகுது. நான் காத்திருக்கேன்."

அவர் காத்திருக்கிற ஒவ்வொரு மாதமும் அந்தக் கருவிக்கும் பலன் குறைகிறது. முனீஸ்வரி என் கடைக்கு வந்தது இதனால்தான்.

3

முனீஸ்வரியின் ஆராய்ச்சிக்கூடத்தை நான் பார்த்ததில்லை. அவள் சொன்னதை வைத்து எழுதுகிறேன். தப்பிருந்தால் அவள் திருத்துவாள். திருத்தினாள், மூன்று இடத்தில்.

மூன்றாவது மாடி. ஏ.சி. ஓடும். அவள் கையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் தொண்ணூற்றாறு குழி, எறும்புக்குப் பணியாரம் சுடுகிற சட்டி மாதிரி. ஒவ்வொரு குழியிலும் உள்காதுச் செல்கள். அதில் ஊசி மருந்தை விடுவாள். செல்கள் சாகும். ஊருக்குப் போய் எடுத்து வந்த பன்னீர்த் திராட்சையின் தோலிலிருந்து பிரித்த சாற்றையும் விடுவாள். கடைசியில் மஞ்சளாக ஒரு சாயம். உயிரோடிருக்கும் செல் அந்த மஞ்சளை ஊதாவாக மாற்றும். செத்த செல் ஒன்றும் செய்யாது. மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும்.

கடைக்கு வருவதற்குச் சில மாதம் முன்னால் ஒருநாள் இரண்டு தட்டு வைத்திருந்தாள். முதல் தட்டில் திராட்சைச் சாற்றை ஒரு நாள் முன்னால் கொடுத்து, மறுநாள் ஊசி மருந்து. இரண்டாவது தட்டில் ஊசி மருந்து முதலில், சாறு மறுநாள்.

முதல் தட்டு ஊதா. பாதிக்கு மேற்பட்ட குழிகள், நல்ல பழுத்த ஊதா.

இரண்டாவது தட்டு மஞ்சள்.

"பிரமாதம் முனீஸ்வரி, கட்டுரைக்கு இது போதும்," என்றார் வழிகாட்டிப் பேராசிரியர் உமாதேவி. முதல் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். முனீஸ்வரியும் சிரித்தாள். அவர் போன பிறகு இரண்டாவது தட்டைத் திரும்பச் செய்தாள். சாற்றை இரண்டு மடங்காக்கினாள். ஒரு நாள் இடைவெளியை ஆறு மணி நேரமாக்கினாள். மூன்று மணி நேரமாக்கினாள். முதல் தட்டை எல்லாரும் செய்கிறபடி மூன்று தடவை செய்தவள், இரண்டாவது தட்டைப் பதினொரு தடவை செய்தாள். முதல் தட்டு இனி ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்களுக்கு, யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு. இரண்டாவது தட்டு ஈஸ்வரபாண்டிக்கு.

பதினொன்றாவது தடவையும் மஞ்சள்தான். கையுறையைக் கழற்றாமலே அவள் கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். செத்தது செத்ததுதான். அதற்குப் பிறகு எதை ஊற்றினாலும் —

[இன்னும் இல்லை. அடுத்த பகுதிக்குப் போவோம்.]

[இன்னொன்று. இது தட்டில் நடந்தது. மனிதக் காதில் நடக்குமா என்பதற்கே இன்னும் எத்தனையோ வருடமாகும். இதைப் படித்துவிட்டு யாரும் திராட்சையை அரைத்துக் காதில் விட்டுக்கொள்ள வேண்டாம். நம் ஆட்களை எனக்குத் தெரியும்.]

4

எல்லாம் ஒரு சொல்லால் வந்தது.

ஆறு வருடம் முன்னால், முதன்முதலாக ஒரு தட்டு ஊதாவானது. அந்தச் சந்தோஷத்தில் கணவருக்குச் செய்தி அனுப்பினாள்: "ஏங்க, நம்ம பன்னீர்த் திராட்சைத் தோலு காதுச் செல்லைக் காப்பாத்துதுங்க."

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். கிணற்றில் விழப்போனவனைச் சட்டையைப் பிடித்து இழுத்தாலும் காப்பாற்றினான் என்கிறோம். விழுந்து தண்ணீர் குடித்துக் கிடந்தவனை மேலே தூக்கினாலும் காப்பாற்றினான் என்கிறோம். நமக்கு இரண்டும் ஒன்றுதான். முனீஸ்வரி எழுதியது முதல் ஆளை. ஈஸ்வரபாண்டி படித்தது இரண்டாவது ஆளை. அவர்தானே கிணற்றுக்குள் கிடந்தார்.

"பாதிக்காம தடுக்குதுன்னு எழுதியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுல்ல?" என்றேன்.

"சந்தோசத்துல யாருக்கா அப்படி எழுதுவாக?" என்றாள். அதுவும் சரிதான்.

அன்று பழம் வெட்டிக்கொண்டிருந்த அத்தனை பெண்களுக்கும் ஈஸ்வரபாண்டி ஜிலேபி வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்த வாரச் சனிக்கிழமை அவள் மதுரையிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும், "எத்தனை நாளாகும்?" என்று கேட்டார். காது கேட்காதவர் குரல் அவருக்கே தெரியாதல்லவா, பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது. அத்தனை பேர் முன்னால், அவர் முகம் இருந்த இருப்பில், அவள் "ஆகும்" என்று மட்டும் வாயசைத்தாள். நாளாகும் என்று சொன்னாள். நடந்துவிடும் என்று அவர் எடுத்துக்கொண்டார். இந்த மொழியை வைத்துக்கொண்டு நான் கதை எழுதுகிறேன், பாருங்கள்.

அதிலிருந்து அவர் தோட்டத்தில் மூன்று வரிசைக்கு மட்டும் மருந்து அடிப்பதில்லை. மருந்து பட்ட பழம் ஆராய்ச்சிக்கு ஆகாது என்று அவள் சொல்லியிருந்தாள். அந்த மூன்று வரிசையிலும் செவட்டை நோய் வரும், சாம்பல் நோய் வரும், இலை கருகிக் கொட்டும். உன் தோட்டத்து நோய் எங்களுக்கும் பரவுதப்பா என்று பக்கத்துத் தோட்டக்காரர் மலைச்சாமி வரப்பில் நின்று சத்தம் போடுவார். ஈஸ்வரபாண்டி சிரித்துக்கொண்டே அவருக்கு முதுகைக் காட்டிவிடுவார். அவரோடு சண்டை போடுகிறவர்களுக்கு அதுதான் பெரிய கஷ்டம். அவர் திரும்பிக்கொண்டால் சண்டை முடிந்தது.

5

இங்கே வரும்போது எனக்கு ஈஸ்வரபாண்டி மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு மனிதர் ஆறு வருடமா இவ்வளவு அப்பாவியாக இருப்பார்? கதைக்காக நான் அவரை வெள்ளந்தியாக்கிக்கொண்டிருக்கிறேனோ? குழாயில் அடைப்பு பார்க்கிற சாக்கில் தோட்டத்துக்கே போனேன்.

பந்தலுக்கு அடியில் குனிந்து வந்தார். "வாங்கக்கா! குழாய் பாக்க வந்தீகளா, கதை பாக்க வந்தீகளா?"

அப்பாவி இல்லை. கவாத்துக் கத்தியை இடுப்பில் செருகிவிட்டு, சுத்தமான சாக்கை விரித்து உட்காரச் சொன்னார். மனைவியின் உதட்டைத்தான் அவருக்குப் படிக்கத் தெரியும். மற்றவர்கள் எழுதிக் காட்ட வேண்டும். நான் போனில் எழுதிக் காட்டினேன்: காது வந்தா முதல்ல என்ன கேக்கணும் தம்பி?

யோசிக்கவே இல்லை.

"அவ பேசுறதத்தேன். பதினாலு மாசந்தேன்க்கா காதோட அவகூட குடும்பம் நடத்துனேன். புதுசுல்ல, வாயே தொறக்க மாட்டா. சோறு போடவான்னு கேக்குறதுக்குக்கூட கையத்தேன் காட்டுவா. பழகட்டும், பொறவு பேசுவான்னு இருந்தேன். அதுக்குள்ள காது போச்சு. இப்பப் பாருங்க, பஸ்ஸ விட்டு எறங்குனதுலருந்து வாய் ஓயாது. ஊரே கேக்குது. நான் ஒருத்தன் கேக்கல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"கொரலே மறந்துபோச்சுக்கா. இருக்கும் இருக்கும்னு தேடிப் பாக்குறேன், ஒண்ணும் இல்ல. நீங்க எழுதுறவகதான, சொல்லுங்க. எப்படி இருக்கும் அவ கொரலு?"

என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. எழுதினேன்: கொஞ்சம் கரகரப்பா — அழித்தேன். வாக்கியத்தோட கடைசில மேல தூக்கிப் பேசுவா, அதுல — அழித்தேன். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக எழுதுகிறேன். கடைசியில் எழுதிக் காட்டியது ஒரே வார்த்தை: நல்லாருக்கும்.

"இதுக்கு எழுத்தாளரு வேணுமாக்கும்," என்றார்.

குழாயில் அடைப்பு எதுவும் இல்லை. திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. அந்த மனிதர் ஏமாளி இல்லை. அவருக்கு அவ்வளவு வேண்டியிருக்கிறது, அதனால் நம்புகிறார்.

6

முடிவுகள். மூன்று எழுதினேன்.

(அ) அறுவடை முடிந்த ஒரு பகலில், பந்தலுக்கு அடியில், முனீஸ்வரி அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு — இதில் சொல்ல வேண்டியது அவள். அவளால் முடிந்திருந்தால் என்னிடம் ஏன் வருகிறாள்? அடித்தாயிற்று.

(ஆ) பன்னிரண்டாவது தடவை இரண்டாவது தட்டும் ஊதாவாகிறது. உமாதேவி ஓடி வருகிறார். இரண்டு வருடம் கழித்துச் சுருளிப்பட்டி பஸ் ஸ்டாப்பில் ஒருவர் நிற்கிறார், பின்னாலிருந்து "ஏங்க" என்று ஒரு குரல் —

இதை எழுதும்போது நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஒரு வரியில் காதை வரவைக்க என்னால் முடியும். எனக்கு அது ஒரு வரிதான்.

(இ) அவருக்கு எல்லாம் முன்பே தெரியும். மனைவி நம்பிக்கையோடு ஊருக்கு வந்து போகட்டும் என்று தெரியாத மாதிரி இருந்திருக்கிறார். படித்தால் நெஞ்சு நிறையும். ஆனால் கருவி வேண்டாம் என்று எழுந்துபோன மனிதருக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்பது எப்படிப் பொருந்தும்? இது அவரைக் காப்பாற்றுகிற முடிவு இல்லை. என்னைக் காப்பாற்றுகிற முடிவு.

[பெரிய எழுத்தாளர்கள் இந்த இடத்தில் மூன்றையும் வாசகர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போவார்கள். நானும் அதைத்தான் செய்து வந்திருக்கிறேன். இப்போதும் கை அதற்குத்தான் போகிறது.]

7

அடுத்த சனிக்கிழமை முனீஸ்வரி கடையில் நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள். (ஆ)வைப் படித்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவது முறை படித்தாள். பிறகு பேனாவை வாங்கிக் குறுக்கே கோடு போட்டாள்.

"அக்கா, இதைப் படிச்சா இன்னும் ஆறு வருசம் காத்திருப்பாக. நரம்பு அதுவரைக்கும் தாங்காது."

"சரி. ஏத்தா, நான் கேக்குறேன்னு தப்பா நெனைக்காத. நீ ஏன் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுக்கக் கூடாது?"

அவள் வெளியே பார்த்தாள். கம்பம் மெட்டுப் பக்கம் போகிற ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தன.

"எழுதிக் கொடுத்தா, முத வரியப் படிச்சதும் திரும்பிக்கிருவாகக்கா. கோவத்துல இல்ல, தாங்க மாட்டாம. அவுக திரும்பிட்டா எனக்கு அதுக்கு மேல வழி இல்ல. மத்த வீட்டுல பொண்டாட்டி பின்னாடியே போயி நாலு வார்த்த சொல்லலாம், அழலாம், திட்டலாம். எனக்கு அவுக மொகம் இந்தப் பக்கம் இருக்குற வரைக்குந்தான் பேச்சு. கதைன்னா கடைசி வரைக்கும் படிப்பாக. பாதியில வைக்க மாட்டாக."

அவள் கையிலிருந்த பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

"பொஸ்தகம் வர்ற அன்னைக்கு லீவு போட்டு வந்துருவேன். அவுக படிக்கையில எதுத்தாப்ல உக்காந்துக்கிருவேன். நீங்க கடைசில சொல்லிருங்க. அது போதும்."

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டு நீங்க போயிருங்க," என்றாள்.

8

மற்ற வாசகர்கள் தயவுசெய்து இங்கேயே நின்றுகொள்ளுங்கள், அல்லது அடுத்த கதைக்குப் போங்கள். இது அவர்கள் வீட்டு விஷயம்.

தம்பி ஈஸ்வரபாண்டி, சாராக்கா பேசுறேன். போன காது திரும்ப வராது. முனீசு கண்டுபிடிச்சது, போகாமப் பாத்துக்கிறதுக்கு. போனதைக் கொண்டுவர்றதுக்கு இல்ல. பதினோரு தடவ பாத்திருச்சு, வரல. அது உங்களை ஏமாத்தணும்னு நெனைக்கல. ஒரு வார்த்தை ரெண்டு அர்த்தமாயிருச்சு, அதுக்கப்பறம் உங்க சந்தோசத்தைப் பாத்துத் திருத்த முடியல. அந்த மூணு வரிசைக்கு இனிமே மருந்து அடிக்கலாம்.

இதுதான் முடிவு. வெளங்கிருச்சா?

கருவி வச்சுக்கிறதா வேணாமான்னு நான் எழுத மாட்டேன். வச்சாலும் நீங்க கேக்குறது பழைய குரலா இருக்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. பழைய குரலுதான் உங்களுக்கு ஞாபகமே இல்லையே தம்பி. அதுக்கு மேல நீங்க ரெண்டு பேரும் பேசிக்கங்க. கோவம்னா கடைக்கு வந்து என்னையத் திட்டுங்க, நான் கேட்டுக்கிறேன்.

இப்ப அது உங்களுக்கு எதுத்தாப்ல உக்காந்திருக்கு. நீங்க எந்த வரியில இருக்கீகன்னு தெரியாம உங்க மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்கும். திரும்பிராதீக. பத்து வருசமா என்ன சொல்லுது, என்ன சொல்லுதுன்னு அது வாயையே பாத்துட்டீக. இன்னைக்குச் சொல்ல வேண்டியதை நான் சொல்லிட்டேன், அது வாய் தொறக்க வேண்டியதில்ல. பொஸ்தகத்தை மூடிட்டு, நிமிந்து அது கண்ணைப் பாருங்க.